அறக்கட்டளைப் பணமும் அரசின் பொறுப்பும்: அமெரிக்கப் பொதுப்பள்ளிகளின் அனுபவம்

வினாவும் அதன் எல்லையும்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் பொதுப்பள்ளி எனப்படுவது வரிப்பணத்தில் நடப்பது, கட்டணம் வாங்காதது, பெரும்பாலும் உள்ளூர் வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியத்தின் ஆளுகைக்கு உட்பட்டது. இப்பள்ளிகளின் செலவில் பெரும்பங்கை மாநில அரசுகளும் உள்ளூர் ஆட்சிகளும் ஏற்கின்றன. நடுவணரசின் பங்கு பொதுவாகப் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. செல்வர்களும் நிறுவனங்களும் நிறுவிய தனியார் அறக்கட்டளைகள் தரும் பணம் மொத்தச் செலவில் ஒரு விழுக்காட்டைக்கூட எட்டுவதில்லை. ஆயினும், எந்தப் பள்ளி கட்டப்படும், எது மூடப்படும், ஆசிரியர் எவ்வாறு மதிப்பிடப்படுவார் என்பவற்றில் இச்சிறு தொகை தன் அளவுக்குப் பொருந்தாத செல்வாக்கைப் பலமுறை செலுத்தியிருக்கிறது.

இதைப் பற்றி இரண்டு நிலைப்பாடுகள் வேரூன்றியுள்ளன. தேர்தலுக்கும் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்துக்கும் கட்டுப்பட்ட அரசு புதிய முயற்சிகளில் இறங்கத் தயங்கும் என்றும், தோல்வியைத் தாங்கும் வசதி படைத்த அறக்கட்டளையே சோதனைக்குரிய செலவை ஏற்க முடியும் என்றும் முதல் நிலைப்பாடு கூறுகிறது. மக்களுக்குப் பதில் சொல்லும் கடமையில்லாத செல்வம் மக்களுக்குச் சொந்தமான நிறுவனத்தை வழிநடத்துவது குடியாட்சிக்கு முரணானது என்பது இரண்டாவது. கல்வி வரலாற்றாசிரியர் டயான் ராவிட்ச் 2010-இல் வெளியிட்ட, அமெரிக்கப் பள்ளி அமைப்பின் இறப்பையும் வாழ்வையும் பற்றிய நூல் இந்நிலைப்பாட்டைப் பரவலாகக் கொண்டு சேர்த்தது. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் முதலாவது கொடுப்பவரின் நோக்கத்தையும் இரண்டாவது கொடுப்பவரின் செல்வத்தையும் பார்க்கின்றனவே தவிர, நல்கையின் நிபந்தனைகளை, அதாவது பணம் எந்த உடன்பாட்டின் மேல் கைமாறியது என்பதை, போதிய அளவு பார்ப்பதில்லை. நல்கையைக் கேட்டவர் யார், எஞ்சிய செலவை ஏற்றவர் யார், நல்கை முடிந்தபின் கையில் நின்றது யாருடைய உடைமை, அரசின் சட்டக் கடமை அதனால் கூடியதா குறைந்ததா என்ற கேள்விகளே ஒரு நல்கையின் தரத்தை அறிய உதவும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

பீபாடி நிதி: நிபந்தனையின் தொடக்கம்

மாசசூசெட்ஸில் பிறந்து லண்டனில் வங்கித் தொழில் நடத்திய ஜார்ஜ் பீபாடி, உள்நாட்டுப் போரில் சிதைந்த தென்மாநிலங்களின் கல்விக்கென 1867-இல் 10 லட்சம் டாலர் முதலீட்டில் ஒரு நிதியத்தை நிறுவினார். பிரவுன் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த பார்னஸ் சியர்ஸ் அதன் முதல் பொது முகவராகப் பொறுப்பேற்று, பிற்காலத்தில் வழக்கமாகிவிட்ட ஒரு முறையை அப்போதே வகுத்தார்: நிதியம் ஒரு பள்ளியை முழுமையாக நடத்தாது, ஓர் ஊர் தன் பங்கை வரியாகத் திரட்டி நிலையான பொதுப்பள்ளியை நடத்த முன்வந்தால் மட்டுமே உதவும். கொடுப்பவர் தரும் தொகைக்கு இணையாகவோ மிகையாகவோ பெறுபவரும் திரட்ட வேண்டும் என்ற இந்த இணைநிதி நிபந்தனை, பொதுக்கல்விக்கு வரி செலுத்தும் வழக்கம் வேரூன்றாத தென்பகுதியில் அவ்வழக்கத்தைப் பரப்ப உதவியது என்பதை மறுக்க முடியாது.

அதே நிபந்தனை அநீதிக்கும் கருவியாயிற்று. கறுப்பின மாணவர் பள்ளிகளுக்கு வெள்ளையர் பள்ளிகளுக்குரிய தொகையில் மூன்றில் இரண்டு பங்கே தரப்பட்டது. இரு இனத்தவரும் சேர்ந்து படிக்கும் பொதுப்பள்ளிகள் சட்டப்படி திறக்கப்பட்டிருந்த லூசியானாவில், அப்பள்ளிகளைத் தவிர்த்து, வெள்ளையர் நடத்திய தனிப்பள்ளிகளுக்கு நிதியம் உதவியது. குடிமை உரிமைச் சட்ட முன்வரைவில் கலப்புப் பள்ளிகளைக் கட்டாயமாக்கும் பிரிவு இடம்பெற்றபோது, சியர்ஸ் வாஷிங்டனில் அதை எதிர்த்து வாதாடினார். 1875-இல் நிறைவேறிய சட்டத்தில் அப்பிரிவு இல்லை. அப்பிரிவு கைவிடப்பட்டதற்குப் பல அரசியல் காரணங்கள் உண்டு. எனினும் பள்ளிகளுக்கு உதவ வந்த ஓர் அறக்கட்டளை, எந்தக் குழந்தை எவரோடு படிக்கலாம் என்ற சட்ட வினாவில் ஒரு தரப்பாக நின்றதே இங்குக் கவனிக்கத்தக்கது.

ரோசன்வால்டு பள்ளிகள்

இணைநிதி நிபந்தனை முற்றிலும் வேறொரு விளைவைத் தந்தது இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில். மிசிசிப்பி 1890-இலும், தென் கரோலைனா 1895-இலும், அலபாமா 1901-இலும் இயற்றிய மாநில அரசியல் சட்டங்கள் கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பெருமளவு பறித்துவிட்டிருந்தன. ஜார்ஜியாவின் ரிச்மண்ட் கவுண்டி வாரியம் கறுப்பின மாணவர்களின் உயர்நிலைப் பள்ளியை மூடிவிட்டு வெள்ளையர் உயர்நிலைப் பள்ளியைத் தொடர்ந்ததை எதிர்த்த வழக்கில், நாட்டின் உச்ச நீதிமன்றமே 1899-இல் தலையிட மறுத்தது. வாக்கும் இல்லை, வழக்கும் பலிக்கவில்லை என்ற நிலையில், வரிப்பணத்தில் தமக்குரிய பங்கைக் கேட்கும் வழிகள் அனைத்தும் கறுப்பினப் பெற்றோருக்கு அடைபட்டிருந்தன.

அலபாமாவின் டஸ்கீகி கல்வி நிறுவனத்தை நடத்திய புக்கர் டி. வாஷிங்டன், சியர்ஸ் ரோபக் வணிக நிறுவனத்தின் தலைவரான ஜூலியஸ் ரோசன்வால்டிடமிருந்து 1912-இல் பெற்ற 25,000 டாலர் கொடையில் எஞ்சிய 2,800 டாலரைக் கொண்டு, சிற்றூர்களில் 6 பள்ளிகள் கட்ட அனுமதி கேட்டார். அவற்றுள் முதலாவதாக லோச்சபோக்காவில் எழுந்த பள்ளியின் கணக்கு இத்திட்டத்தின் இயல்பைத் தெளிவாகக் காட்டுகிறது. மொத்தச் செலவு 942.50 டாலர், ரோசன்வால்டு தந்தது 300 டாலர், உள்ளூர் வெள்ளையர் தந்தது 360 டாலர், ஊரின் கறுப்பின மக்கள் 150 டாலரைப் பணமாகவும் 132.50 டாலர் பெறுமான வேலையை உடலுழைப்பாகவும் தந்தனர்.

1917-இல் தனி நிதியமாகப் பதிவு செய்யப்பட்டு, 1920 முதல் நாஷ்வில்லிலிருந்து சாமுவேல் எல். ஸ்மித்தின் மேற்பார்வையில் விரிந்த இத்திட்டம், 1932-இல் கட்டடப் பணியை நிறுத்தியபோது 15 மாநிலங்களில் 4,977 பள்ளிகளையும், 217 ஆசிரியர் இல்லங்களையும், 163 தொழிற்கூடங்களையும் எழுப்பியிருந்தது. மொத்தச் செலவான ஏறத்தாழ 2.84 கோடி டாலரில் நிதியத்தின் பங்கு 15 விழுக்காடு. கறுப்பின மக்கள் தாமே திரட்டியது 17 விழுக்காடு. வெள்ளையர் நன்கொடை 4 விழுக்காடு. மீதமுள்ள 64 விழுக்காடு அரசின் வரிப்பணம். நாட்டின் மிகப் பெரிய செல்வர்களுள் ஒருவர் தந்ததைவிடக் குத்தகை உழவர்களும் கூலித் தொழிலாளர்களும் தந்தது அதிகம் என்பதை இக்கணக்கு சொல்கிறது. பருத்தி வயலில் ஒரு துண்டைப் பள்ளிக்கென ஒதுக்கி அதன் விளைச்சலை விற்றும், விருந்து நடத்திப் பணம் திரட்டியும், மரம் வெட்டிக் கொடுத்தும் அவர்கள் இத்தொகையைச் சேர்த்தனர். இத்திட்டத்தை வெறுமனே ஒரு கொடையாளரின் பெயரால் மட்டும் அழைப்பது அம்மக்களுக்கு இழைக்கும் குறையாகும்.

நிபந்தனைகளின் நுட்பம் இங்குதான் ஆராயத்தக்கது. பள்ளி நிலமும் கட்டடமும் பொதுக்கல்வி நிர்வாகத்தின் பெயரில் பத்திரப்பதிவு செய்யப்பட வேண்டும். பராமரிப்பையும் ஆசிரியர் ஊதியத்தையும் அந்நிர்வாகமே ஏற்க வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 5 மாதமாவது பள்ளி நடக்க வேண்டும். வெளிப்பார்வைக்கு எளிய எழுத்துவேலையாகத் தோன்றும் இந்த விதி, கறுப்பினக் குழந்தைகளின் கல்விக்குத் தனக்குப் பொறுப்பில்லை என்று நடந்துகொண்ட நிர்வாகத்தை, ஒரு சொத்தின் உரிமையாளராக்கி அதன்வழியே அக்குழந்தைகளுக்குப் பொறுப்பாளராக்கியது. கட்டடத்தின் தரத்திலும் நிதியம் விட்டுக்கொடுக்கவில்லை. டஸ்கீகியின் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆர். டெய்லர் பங்கேற்ற முதல் வரைபடங்களும், ஸ்மித் 1924-இல் வெளியிட்ட வரைபடத் தொகுப்பும், மின்சாரம் இல்லாத ஊர்களில் வகுப்பறைக்குள் பகல் வெளிச்சம் நிறைய விழும்படி உயரமான சன்னல்களை வரிசையாக அமைத்து, அவை கிழக்கோ மேற்கோ நோக்கும்படி கட்டடத்தை நிறுத்தும் முறையைக் கற்பித்தன.

விளைவைப் பற்றிய சான்று வலுவானது. பொருளியலாளர்கள் டேனியல் ஆரன்சனும் பாஷ்கர் மஜூம்தாரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, 1910-களிலும் 1920-களிலும் தென்பகுதிக் கறுப்பினத்தவர் அடைந்த பெரும் கல்வி முன்னேற்றத்தில் சுமார் 30 விழுக்காட்டை இப்பள்ளிகளோடு தொடர்புபடுத்துகிறது. பிற்காலத்தில் குடிமை உரிமைப் போராட்டத்தின் முன்னணியில் நின்ற ஜான் லூயிஸும், எழுத்தாளர் மாயா ஏஞ்சலுவும் இத்தகைய பள்ளிகளில் படித்தவர்கள்.

இரட்டை வரி என்னும் விமர்சனம்

இத்தனைக்குப் பின்னும் ஒரு கடுமையான மறுப்பு எஞ்சுகிறது. வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் டி. ஆண்டர்சன், தென்பகுதிக் கறுப்பினத்தவரின் கல்வி பற்றி 1988-இல் வெளியிட்ட நூலில், இத்திட்டத்தின் இணைநிதியை இரட்டை வரியாக மதிப்பிட்டார். கறுப்பின மக்கள் ஏற்கெனவே வரி செலுத்தியவர்கள். அவ்வரி வெள்ளையர் பள்ளிகளுக்குத் திருப்பப்பட்டது. பின்னர் தம் குழந்தைகளின் பள்ளிக்கென அவர்களே மறுபடியும் பணமும் உழைப்பும் தர வேண்டியதாயிற்று. வெள்ளையர் பள்ளிகள் முழுவதும் வரியிலேயே எழுந்த ஊர்களில், கறுப்பினத்தவரின் பள்ளிக்கு மட்டும் தியாகம் முன்நிபந்தனையானது.

இந்த விமர்சனத்தின் அடிப்படையை மறுக்க இயலாது. ஆனால் அதிலிருந்து இத்திட்டம் அரசின் கடமையைக் குறைத்தது என்ற முடிவுக்கு வருவதற்குக் கணக்கு இடம் தரவில்லை. 64 விழுக்காடு வரிப்பணம் என்பது, இத்திட்டம் இல்லாதிருந்தால் அதே நிர்வாகங்கள் அதே குழந்தைகளுக்குச் செலவிட்டிருக்கக் கூடியதைவிடப் பெரும்பாலும் மிகையானது. கறுப்பின மக்கள் செலுத்திய வரி எங்கே போயிற்று என்ற கேள்வியை நிதியம் எழுப்பவில்லை, இனப் பிரிவினையை எதிர்க்கவும் இல்லை என்பதே அதன் மெய்யான குறை. அது கடமையைக் கூட்டியது; உரிமையைப் பேசவில்லை. இரண்டும் வேறுவேறு என்பது இக்கட்டுரையின் இறுதிப் பகுதிக்கு இன்றியமையாத செய்தி.

நல்கையைத் தேடும் பள்ளிகள்

இன்றைய நிலையில் நல்கையைப் பெறுவதற்கு முன்னரே தேடலில் ஏற்றத்தாழ்வு தொடங்கிவிடுகிறது. அமெரிக்க வரிச்சட்டம் தனியார் அறக்கட்டளைகளை ஆண்டுதோறும் தம் சொத்தில் ஏறத்தாழ 5 விழுக்காட்டை அறச்செயல்களுக்கு வழங்கக் கட்டாயப்படுத்துகிறது. யாருக்கு எவ்வளவு வழங்கின என்பதை 990-பிஎஃப் என்ற ஆண்டுப் படிவத்தில் பதிவு செய்யவும் வைக்கிறது. அப்படிவம் பொதுமக்கள் பார்வைக்கு உரியது. இத்தகவல்களைத் தொகுத்துத் தர 1956-இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட அறக்கட்டளை மையம், 2019-இல் கைட்ஸ்டார் அமைப்போடு இணைந்து கேண்டிட் என்ற பெயரில் இயங்குகிறது. ஆகவே, ஒரு பள்ளி மாவட்டம், அதாவது தனி வாரியமும் தனி வரவுசெலவும் கொண்ட கல்வி ஆட்சிப் பகுதி, தன் வட்டாரத்தில் எந்த அறக்கட்டளை இதற்குமுன் எந்த வகைப் பள்ளிக்கு எவ்வளவு தந்தது என்பதை விண்ணப்பிக்கும் முன்பே அறியலாம். அறக்கட்டளையின் விளம்பர வாசகங்களைவிட அதன் படிவமே நம்பத்தக்க வழிகாட்டி என்பதை இத்துறையில் பழகியோர் அறிவர்.

தகவல் திறந்திருப்பதாலேயே வாய்ப்பு சமமாகிவிடுவதில்லை. பல அறக்கட்டளைகள் தாம் அழைக்காத விண்ணப்பங்களை ஏற்பதில்லை. வேறு பல, வரிவிலக்குப் பதிவு பெற்ற அறநிறுவனங்களுக்கு மட்டுமே தருகின்றன. அரசு அமைப்பான பள்ளி மாவட்டம் அந்தப் பதிவுக்குள் நேராக அடங்காததால், பணத்தைப் பெற்றுத் தரும் உள்ளூர்க் கல்வி அறக்கட்டளை ஒன்றை அருகில் நிறுவ வேண்டியிருக்கிறது. பெருநகர மாவட்டத்தில் இவற்றையெல்லாம் கவனிக்கத் தனி அலுவலகம் இருக்கும். தேவையை விளக்கும் அறிக்கை, செலவுத் திட்டம், விளைவை அளக்கும் முறை ஆகியவற்றை எழுதப் பயின்றவர்கள் அங்கே ஊதியத்தில் இருப்பர். சில நூறு மாணவர்களே உள்ள நாட்டுப்புற மாவட்டத்தில் கண்காணிப்பாளரோ தலைமையாசிரியரோ மற்ற வேலைகளுக்கிடையே இதையும் எழுத வேண்டும். எவரிடம் தேவை மிகுதியோ அவரிடம் தேடும் ஆற்றல் குறைவு என்ற முரண் இதில் உள்ளது. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி ஆசிரியர் சார்லஸ் பெஸ்ட் 2000-இல் தொடங்கிய டோனர்ஸ்சூஸ் தளம், தனி ஆசிரியர் ஒருவரே தன் வகுப்பின் தேவையைப் பொதுமக்களிடம் கேட்க வழி செய்து இம்முரணை ஓரளவு தணித்தது. ஆயினும் வகுப்பறைக்குரிய காகிதத்துக்கும் புத்தகத்துக்கும் ஆசிரியர் பொதுவெளியில் கேட்டு நிற்க வேண்டியிருப்பது, அரசு எங்கே பின்வாங்கியது என்பதற்கும் சான்றாகிறது.

கலிபோர்னியாவின் வரலாறு இந்த ஏற்றத்தாழ்வை மேலும் தெளிவாக்குகிறது. சொத்துவரி மிகுந்த ஊர்ப் பள்ளிக்கும் குறைந்த ஊர்ப் பள்ளிக்கும் இடையிலான வேறுபாட்டை மாநில உச்ச நீதிமன்றம் 1971-இல் செரானோ வழக்கில் கண்டித்தது. 1978-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 13-ஆம் முன்மொழிவு சொத்துவரியையே கட்டுப்படுத்தியது. வரிவழியே தம் பள்ளிக்குக் கூடுதல் பணம் சேர்க்கும் வழி மூடப்பட்டபின், வசதியான ஊர்களின் பெற்றோர் கல்வி அறக்கட்டளைகளை நிறுவி நன்கொடைவழியே அதைச் சேர்த்தனர். இத்தகைய நன்கொடைக்கு வரிச்சலுகை உண்டு என்பதால், வசதியுள்ள பள்ளியை மேலும் வசதியாக்கும் செலவில் ஒரு பகுதியைப் பொதுக் கருவூலம் ஏற்கிறது என்று அரசியல் தத்துவ அறிஞர் ராப் ரைக் சுட்டிக்காட்டியுள்ளார். நீதிமன்றம் வாயில்வழி வெளியேற்றிய ஏற்றத்தாழ்வை அறத்தின் பெயரால் திரும்ப அழைப்பது அறமாகாது என்ற அவரது வாதத்தை ஏற்பதே முறை.

இதற்குச் சட்டத்தில் ஓர் ஒப்பீடு உண்டு. வறிய மாணவர்களுக்கென நடுவணரசு தரும் நிதி, மாநிலமும் ஊரும் ஏற்கெனவே செலவிடுவதற்கு மேலதிகமாக இருக்க வேண்டுமே தவிர அதற்கு மாற்றாக அமையக்கூடாது என்ற விதி நெடுங்காலமாக உள்ளது. தனியார் நல்கைக்கு அத்தகைய பொதுவிதி இல்லை. நூலகர் பதவிக்கு அறக்கட்டளை மூன்றாண்டு ஊதியம் தந்தால், வாரியம் அந்தத் தொகையை வேறு செலவுக்குத் திருப்பிவிட்டு, நல்கை முடிந்ததும் பதவியையே நீக்கிவிட எந்தத் தடையும் இல்லை.

கொள்கையை வாங்கும் நல்கைகள்

2000-த்துக்குப் பிந்தைய பெரும் நல்கைகள் கட்டடத்தையோ பதவியையோ நோக்காமல் கொள்கையை நோக்கின. கேட்ஸ் அறக்கட்டளை, பெரிய உயர்நிலைப் பள்ளிகளைச் சிறு பள்ளிகளாகப் பிரிக்கும் முயற்சியில் சுமார் 200 கோடி டாலரைச் செலவிட்டது. அவற்றுள் பல, மாணவரின் தேர்ச்சியைக் குறிப்பிடத்தக்க அளவு உயர்த்தவில்லை என்று பில் கேட்ஸ் 2009-இன் ஆண்டு மடலில் எழுதினார். நியூயார்க் நகரச் சிறு பள்ளிகளில் பட்டம் பெறுவோர் விழுக்காடு உயர்ந்ததை எம்டிஆர்சி ஆய்வு நிறுவனம் பின்னர் காட்டியது உண்மை. ஆனால் அதற்குள் அறக்கட்டளையின் கவனம் ஆசிரியர் மதிப்பீட்டுக்கு நகர்ந்துவிட்டது. புளோரிடாவின் ஹில்ஸ்பரோ, டென்னசியின் மெம்பிஸ், பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க் ஆகிய மாவட்டங்களிலும், சார்ட்டர் பள்ளிகளை, அதாவது வரிப்பணம் பெற்றுத் தனி நிர்வாகக் குழுவால் நடத்தப்படும் பள்ளிகளை, நடத்தும் நான்கு அமைப்புகளிலும் நடந்த அந்த முயற்சியை ராண்ட் ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டு 2018-இல் அறிக்கை தந்தது. மொத்தச் செலவு சுமார் 57.5 கோடி டாலர். அதில் அறக்கட்டளையின் பங்கு சுமார் 21.2 கோடி. மாணவர் அடைவிலும் பட்டமளிப்பிலும் எதிர்பார்த்த உயர்வு கிட்டவில்லை என்பது அதன் முடிவு.

இங்கும் அறக்கட்டளை தந்தது சிறுபங்கே; பொதுப்பணமும் பிற பணமுமே பெரும்பங்கு. இந்த ஒற்றுமையைப் பார்த்து ரோசன்வால்டு திட்டத்தோடு இதை ஒன்றாக வைப்பது பிழையாகும். அங்கே ஊர் கேட்டது பள்ளி. இங்கே மதிப்பீட்டு முறையை வகுத்தது அறக்கட்டளை. அங்கே திட்டம் முடிந்தபின் பொதுச்சொத்தாக ஒரு பள்ளி நின்றது. இங்கே ஹில்ஸ்பரோ மாவட்டம் திட்டத்தைக் கைவிட்டபோது எஞ்சியது பெரும்பாலும் செலவுக் கணக்கு.

நியூஜெர்சியின் நியூவார்க் இதன் அரசியலை வெளிப்படுத்தியது. 1995 முதல் மாநில அரசின் நேரடிக் கட்டுப்பாட்டில் இருந்த அம்மாவட்டத்துக்கு மார்க் சக்கர்பர்க் 10 கோடி டாலர் தருவதாக 2010 செப்டம்பரில், ஓப்ரா வின்ஃப்ரியின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், மேயர் கோரி புக்கரும் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டியும் உடனிருக்க, அறிவிக்கப்பட்டது. மற்றவர்கள் இணையாக இன்னும் 10 கோடியைத் திரட்டினர். மாவட்டத்தின் ஆண்டுச் செலவு அப்போது ஏறத்தாழ 100 கோடி டாலர். ஐந்தாண்டுகளுக்கு எனக் கருதப்பட்ட இவ்விரு தொகைகளையும் சேர்த்து ஆண்டுக்குப் பகிர்ந்தால் அது 4 விழுக்காடே. அந்த 4 விழுக்காட்டுக்காக எந்தப் பள்ளிகள் மூடப்படும், எங்கே சார்ட்டர் பள்ளிகள் பெருகும் என்பவை மக்களிடம் முறையாகப் பேசப்படும் முன்பே முடிவாயின. செய்தியாளர் டேல் ருசாகாஃப் 2015-இல் வெளியிட்ட நூல் ஆலோசகர்களுக்குச் சென்ற பெருந்தொகைகளையும் பெற்றோரின் சினத்தையும் ஆவணப்படுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டில் இம்மாற்றங்களை எதிர்த்த ராஸ் பராக்கா மேயராகியிருந்தார். தாமஸ் கேனும் உடன் ஆய்வாளர்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் ஆங்கிலப் பாட வளர்ச்சி கூடியதாகவும், கணக்கில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்றும் தெரிந்தது. ஆகவே பலன் அறவே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. ஆனால் தம் பள்ளியின் எதிர்காலத்தைத் தொலைக்காட்சியில் அறிந்த பெற்றோருக்கு அந்தப் பலன் ஈடாகாது.

கடமையை வலியுறுத்திய பணம்

பள்ளிக்கு நேராகச் செல்லாத, எனினும் பொதுப்பள்ளியின் வரலாற்றில் எதற்கும் குறையாத நல்கை ஒன்றை இந்த ஆய்வு விட்டுவிட முடியாது. சார்லஸ் கார்லண்ட் என்ற இளைஞர் தமக்கு வந்த மரபுச் சொத்தை ஏற்க விரும்பாமல் 1922-இல் பொதுத்தொண்டுக்கென நிறுவிய நிதியம், 1930-இல் கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்துக்கு 1 லட்சம் டாலர் தர இசைந்தது. தென்மாநிலங்களில் பள்ளிச் செலவின் ஏற்றத்தாழ்வை நீதிமன்றங்களில் எதிர்ப்பது அதன் நோக்கம். பொருளாதாரப் பெருமந்தத்தால் அந்தத் தொகையில் ஒரு பகுதியே கிடைத்தது. எனினும் அப்பணத்தைக் கொண்டு வழக்கறிஞர் நேதன் மார்கோல்டு வழக்குத்திட்ட அறிக்கையை எழுதினார். சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் சங்கத்தின் சட்டப் பணியை ஏற்றார். அவர் பயிற்றுவித்த தர்குட் மார்ஷல், பள்ளிகளின் இனப் பிரிவினையை எதிர்த்து 1954-இல் தீர்ப்பான பிரவுன் வழக்கில் வாதிட்டார்.

இந்த இடத்தில் ரோசன்வால்டு நிதியமும் மீண்டும் வருகிறது. அறக்கட்டளைகள் என்றென்றும் நிலைத்திருக்கக் கூடாது என்று 1929-இல் பொதுவெளியில் வாதாடிய ரோசன்வால்டு, தம் மறைவுக்குப்பின் 25 ஆண்டுகளுக்குள் முழுத் தொகையும் செலவழிய வேண்டும் என விதித்திருந்தார்; 1932-இல் அவர் மறைய, 1948-இல் நிதியம் மூடப்பட்டது. கட்டடப் பணி நின்றபின் அது வழங்கிய ஆய்வு உதவித்தொகைகளுள் ஒன்று, பொம்மைகளைக் கொண்டு கறுப்பினக் குழந்தைகளின் தன்மதிப்பை ஆராய்ந்த மேமி கிளார்க்குக்குச் சென்றது. அவரும் கணவர் கென்னத் கிளார்க்கும் செய்த அந்த ஆய்வு, இனம் பிரித்த பள்ளிகள் சட்டத்துக்கு முரணானவை என்று பிரவுன் தீர்ப்பு அறிவித்தபோது எடுத்துக்காட்டப்பட்ட சான்றுகளின் பின்னணியில் இருந்தது. இருபதாண்டுகளுக்கு முன் இனம் பிரித்த பள்ளிகளையே கட்டிய நிதியத்தின் பணம், உரிமையைப் பேசாத அதன் குறையை அந்த ஆய்வின் வழியே ஒரு பகுதி தீர்த்தது.